ட்ரோன், நாய்ஸ் ஆல்பம் கேட்க உட்காருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அண்ணன் மகனும் அவன் நண்பனும் என் அறையில் உட்கார்ந்து ‘எர்த் 2’ கேட்டார்கள். எர்த் என்ற குழுவின் ட்ரோன் ஆல்பம், அதாவது ஒரே நாதத்தை நீட்டிக்கொண்டே போகும் இசை, 1993-ல் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் வெளியிட்டது. மொத்தமே மூன்று டிராக்தான், 15 நிமிடம், 27, 30 என்று நீண்டுகொண்டே போகும், எல்லாம் சேர்த்து 73 நிமிடம். டிலன் கார்ல்சனின் கிட்டார் ஒரு நாதத்தைப் பிடித்தால் விடாது. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து பிடிப்பவரைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஒத்தை மட்டும் தனியாக எடுத்துக் கரகரப்பு ஏற்றி ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி.

பத்தாவது நிமிடத்தில் அண்ணன் மகனின் கை வால்யூம் பக்கம் போனது. இருபதில் மறுபடியும். நான் எழுந்து போய் நிறுத்திவிட்டேன். சித்தப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இருவருக்கும் புரியவில்லை. அன்றைக்குச் சொல்ல வராததை இங்கே எழுதிவிடுகிறேன். ஷஃபிளில் போடுவது, நடுவில் வாட்ஸ்அப் பார்ப்பது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை.

போன் ஸ்பீக்கரில் கேட்பது

வேண்டாம். அடிநாதம் அதில் வரவே வராது.

ட்ரோனும் நாய்ஸும் ஒன்று என்று நினைப்பது

ட்ரோனில் ஒரு நாதம் நிற்கிறது, நாம் மெதுவாக அதற்குள் போகிறோம். நாய்ஸில் எல்லா அலைவரிசையும் ஒரே நேரத்தில் மேலே கொட்டும், மூச்சுவிட இடம் இருக்காது. ஜப்பானிய நாய்ஸ் கலைஞர் மெர்ஸ்பௌவின் ‘பல்ஸ் டீமன்’ (1996) ஆல்பத்தை முதல் நாளே போட்டுவிட்டு, இந்த வகையே நமக்கு ஆகாது என்று போனவர்களை எனக்குத் தெரியும். வருத்தமாக இருக்கும். ட்ரோனில் ஆரம்பியுங்கள், சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போகலாம்.

ஒன்றும் நடக்கவில்லை என்று முன்னே தள்ளிவிட்டுக் கேட்பது

தம்புராவின் நடுத்தந்திகள் இரண்டும் ஒரே சட்ஜம். சுருதி சேர்க்கும்போது ஒன்று மயிரிழை விலகியிருந்தால் ‘வாங்… வாங்…’ என்று ஓர் அலை எழும், கவனித்திருக்கிறீர்களா? ஒரு தந்தி 110 ஹெர்ட்ஸ், இன்னொன்று 111 என்றால் நொடிக்கு ஒருமுறை அந்த அலை அடிக்கும். நம் வித்வான்கள் அதை நீக்கிவிட்டுத்தான் பாட உட்காருவார்கள். ட்ரோன் கலைஞர்கள் பலர் வேண்டுமென்றே அதை விட்டுவைக்கிறார்கள். நடப்பது அதுதான். தள்ளித் தள்ளிக் கேட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒரே சத்தம் மாதிரிதான் இருக்கும், நான்கைந்து நிமிடம் ஒரே இடத்தில் இருந்தால்தான் அந்தத் துடிப்பு காதில் பிடிபடும்.

பாதியில் வால்யூமைக் கூட்டுவது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. மழை நாள், கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனில் இதே ‘எர்த் 2’. பாதி வால்யூமில் ஆரம்பித்தேன். பதினைந்து நிமிடத்தில் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது, ஒரு படி கூட்டினேன். இரண்டாவது டிராக்கில் இன்னும் இரண்டு படி. மூன்றாவது தொடங்கும்போது கடைசிக்கு முந்தின படியில் இருந்தேன், அப்போதும் போதவில்லை என்றுதான் தோன்றியது. முடிந்து ஹெட்போனைக் கழற்றினால் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் இரண்டு வீடு தள்ளி அடிப்பது மாதிரி கேட்கிறது. அம்மா அறை வாசலில் நின்று ஏதோ சொல்கிறார், வாய் அசைவதுதான் தெரிகிறது. மூன்று நாளில் காது திறந்துவிட்டது. ஆனால் இடது காதில் மெல்லிய ‘ஈ’ என்ற ஒரு சத்தம் மட்டும் போகவேயில்லை, இதை எழுதும்போதும் இருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று காட்ட மருத்துவர் எடுத்த ஆடியோகிராம் வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. உரத்த சத்தத்தால் கெட்ட காதுகளில் வழக்கமாகப் பள்ளம் விழுகிற இடம் அது.

ஆல்பத்தில் சத்தம் குறையவே இல்லை. உரத்த ஒலியை விடாமல் கேட்டால் காது தற்காலிகமாக மந்தமாகிவிடும். சாதாரணப் பாட்டில் குரலும் தாளமும் வந்து வந்து போவதால் ஏதோ வித்தியாசம் தெரியும். ட்ரோனில் ஒப்பிட எதுவும் இல்லை, குறைந்தது பாட்டா நம் காதா என்று தெரியாது, கை தானாகப் போகும். இன்னொன்று, தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதக் காது இயல்பிலேயே மந்தம். பெரிய ஸ்பீக்கர் முன்னால் நெஞ்சில் வந்து அடிக்கும் அதிர்வு ஹெட்போனில் கிடையாது, அதைத் தேடித்தான் கூட்டுகிறோம். கூட்டினால் மேலே இருக்கிற கரகரப்பும் சேர்ந்து ஏறுகிறது. சிறிய ப்ளூடூத் ஸ்பீக்கர் பலவற்றில் நிலைமை இன்னும் மோசம், வால்யூம் ஏற ஏற அவை பாஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, தானாகவே குறைத்துக்கொள்ளும்.

கணக்கைப் பாருங்கள். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது பணியிடப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. 94 டெசிபலுக்கு ஒரு மணி நேரம். அந்த அளவில் ‘எர்த் 2’ ஒருமுறை ஓடி முடிவதற்குள் அன்றைய கணக்கு தாண்டிவிடும். 100 என்றால் கால் மணி நேரம், முதல் டிராக்கே முடியாது.

நான் இப்போது ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன். முதல் இரண்டு நிமிடம் போட்டு, கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் வைக்கிறேன். அப்புறம் போனை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிடுவேன். நடுவில் சத்தம் குறைந்த மாதிரி இருந்தால் எழுந்து நடப்பேன். ஹெட்போன்தான் வழி என்றால் குறைவாக வையுங்கள், ஒரு டிராக்கோடு நிறுத்துங்கள்.

அறையின் நட்டநடுவில் உட்கார்வது

நடப்பேன் என்றேனே, அதற்குக் காரணம் இருக்கிறது. பாஸ் கிட்டாரின் மூன்றாவது கம்பி 55 ஹெர்ட்ஸ், அந்த அலையின் நீளம் ஆறு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் பத்தடி அறை அதில் கிட்டத்தட்டப் பாதி. அப்படிப்பட்ட அறையில் அந்த நாதம் சுவரோரம் கனத்து நிற்கும், சுவருக்கும் சுவருக்கும் நடுவில் கிட்டத்தட்டக் காணாமல் போகும். நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டு பாஸ் வரவில்லை என்று கூட்டுகிறோம்! நாலடி நகர்ந்தால் போதும்.

நியூயார்க்கின் சர்ச் தெருவில் இசையமைப்பாளர் லா மான்ட் யங்கும் ஓவியர் மரியன் சசீலாவும் 1993-ல் அமைத்த ‘ட்ரீம் ஹவுஸ்’ என்ற ஒலி, ஒளி அறை முழுக்க இந்த விஷயம்தான். நாதம் மாறாது, கேட்பவர் தலையைத் திருப்பினாலே வேறு ஸ்வரம் கேட்கும். அவர்கள் இருவரும் 1970 முதல் கிரானா கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபைச் சேர்ந்த பண்டிட் பிரான் நாத்திடம் கற்றவர்கள், தம்புராவோடு வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள்.

போன ஞாயிறு பையன்கள் மறுபடி வந்தார்கள். வால்யூமை நான் வைத்தேன். அண்ணன் மகன் மூன்றாவது டிராக் முழுக்க பீரோ பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஃபேனை ஓடவிட்டுக் கேட்பது

நிறுத்துங்கள். அதன் இரைச்சலும் ஒரு ட்ரோன்தான், எது எதென்று தெரியாது. வெயில் காலத்தில் நான் விடியற்காலை ஐந்து மணிக்குக் கேட்கிறேன்.

முடிந்ததும் அடுத்த ஆல்பத்தைப் போடுவது

அன்றைக்கு ஒன்று போதும்.