குடிக்கும் பெண்ணிடம் எப்படிப் பேச்செடுப்பது?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களில் நூற்றுக்கு 25 பேர் குடிப்பதாகச் சொன்னார்கள்; பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட முழுசாகத் தேறவில்லை. ஆண் குடித்தால் ஊர் பொறுக்கும். பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும், அதனால் மறைக்கிறாள்.

ஆலோசகராக நான் முதலில் கணவரையும் மாமியாரையும் வெளியே உட்காரச் சொல்வேன். "குடிப்பீங்களா?" என்று கேட்காதீர்கள். "உடம்பு வலிக்கு, தூக்கத்துக்கு என்னக்கா எடுத்துக்குவீங்க?" என்று கேளுங்கள். கட்டட வேலை, துப்புரவு வேலை பார்க்கும் அக்காக்கள் பலர் அங்கேதான் வாய் திறக்கிறார்கள். வீட்டில் அடி விழுகிறதா என்பதையும் மெதுவாகக் கேளுங்கள்.

ஆணிடம் கேள்வி வேறு: யாரோடு, எந்தக் கடையில், சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது?

அப்புறம், தினமும் அதிகம் குடிப்பவரைத் திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். இலவச உதவி எண் 14446.