அக்கா ஏன் மவுஸை விடவில்லை?
சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் உள்ள கிடங்கு ஒன்றுக்கு நான் எழுதிய லாரி அட்டவணை மென்பொருளை யாரும் விரும்பித் தொடவில்லை. விளையாட்டு மாதிரி அதில் புள்ளிகள், பதக்கங்கள் சேர்த்தேன்; இரண்டே நாளில் அலுத்துவிட்டது. வண்ணங்களை மாற்றியதில் மூன்று நாள் வீண்.

அப்புறம் அங்கே வேலை செய்யும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் ஒரு பெட்டியை இழுத்தவர் மவுஸை விடவே இல்லை. விட்டால் "உறுதியா?" என்று கேட்கும், பிறகு இரண்டு வினாடி சுழலும். அதனால் முதலில் தாளில் எழுதிப் பார்க்கிறார்!

"தப்பா வெச்சிட்டா திரும்ப எடுக்க முடியாதே தம்பி."

கேள்வியை நீக்கி, செய்ததைத் திரும்பப் பெறும் கண்ட்ரோல்-இசட் வைத்தேன். நகர்ந்த வரிசையை மட்டும் பிரவுசரிலேயே கணக்கிட்டேன். 0.1 வினாடிக்குள் பதில் வந்தால்தான் உடனே நடந்ததாகத் தோன்றும். மென்பொருள் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிய வரம்பு. இப்போது இழுக்கும்போதே தாமத நிமிடங்கள் மாறுகின்றன. மறுநாள் அக்கா பெட்டிகளைச் சும்மா நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் தாள் இல்லை. அப்பாடா!