கடலுக்கு அக்கரையில் தேர்தல்: நீலகிரியிலிருந்து முறையாகத் துணை நிற்பது எப்படி

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலும், நவம்பர் 14 அன்று பொதுத் தேர்தலும் நடைபெற்றன. அந்த மாதங்களில் பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்புகளில் மாலை நேரத் தொலைபேசிப் பேச்செல்லாம் அட்டன், நுவரெலியா, பதுளைச் செய்திகளாகவே இருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரான எங்கள் மக்களைப் பங்கிட்டதில், அண்ணன் அங்கேயும் தங்கை இங்கேயுமாகப் பிரிந்த குடும்பங்கள் எங்களுடையவை. திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டம்தான் இன்று டான்டீ என்று வழங்கப்படுகிறது. ஆகவே அக்கரையில் ஒரு தேர்தல் வரும்போது, "நாம் என்ன செய்யலாம்?" என்ற கேள்வி இந்த மலையில் எழுவது இயல்பு. சட்டத்தையும் உறவின் மரியாதையையும் மீறாமல் என்ன செய்யலாம் என்பதை, பட்டறிந்தும் படித்தும் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். வேறு நாடுகளின் தேர்தல்களில் அக்கறை கொண்டவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த வேலையைத் தொடங்கும் முன்பும், அங்குள்ளவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இலங்கையின் மலைத்தோட்டப் பகுதியான மலையகத்தில் வாழும் தமிழரின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. நாடற்றோர் என்ற நிலையை நீக்க 2003-இல் ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற வாக்கு அது. "இவர்கள் இந்தியாவின் ஆட்கள்" என்ற பழிச்சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களுக்கு, இந்தியாவிலிருந்து அழைக்காமல் வரும் ஆதரவு எவ்வளவு பெரிய சுமையாகும் என்பதை நாம்தான் முதலில் உணர வேண்டும். எனவே ஒரு வேட்பாளர் குழுவையோ, தொழிற்சங்கத்தையோ, காணி உரிமைக்கான இயக்கத்தையோ ஆதரிக்க விரும்பினால், அவர்களில் பொறுப்பான ஒருவரிடம் பேசி, எது தேவை, எது வேண்டாம் என்று கேட்டு, அந்த விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னதைச் செய்யாமல் இருப்பதும் அவர்களுக்குச் செய்யும் உதவியே.

கேட்காமல் செய்த உதவி எப்படித் திரும்பி வந்து தாக்கும் என்பதற்கு 2004-இல் நடந்த ஒன்று நல்ல பாடம். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலின்போது, பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் ஓஹாயோ மாநிலத்தின் கிளார்க் கவுண்டி வாக்காளர்களுக்குத் தன் வாசகர்கள் தனிப்பட்ட கடிதம் எழுதுவதற்கு ஏற்பாடு செய்தது. முகம் தெரியாத வெளிநாட்டவர் தங்கள் வீட்டு முகவரிக்கே எழுதி அறிவுரை சொன்னது அங்கே பலருக்குச் சினமூட்டியது. 2000-இல் ஜனநாயகக் கட்சி முன்னிலை பெற்ற அந்தக் கவுண்டியில் 2004-இல் குடியரசுக் கட்சியின் புஷ் வென்றார். கடிதங்கள்தாம் அதற்குக் காரணம் என்று நிறுவ முடியாது. ஆனால் அவை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரிக்கு உதவின என்று சொல்ல எவரும் துணிய மாட்டார்கள். ஆகவே அக்கரையில் உங்களுக்குச் சொந்த அத்தையோ மாமாவோ இருந்தால் அவர்களிடம் மனம்விட்டுப் பேசலாம்; அறிமுகமில்லாத வாக்காளருக்கு இங்கிருந்து அழைப்பு விடுப்பதையும் செய்தி அனுப்புவதையும் தவிர்த்துவிட வேண்டும்.

அடுத்தது பணம். பெரும்பாலோர் முதலில் நினைப்பதும் இதுதான்; மிகுந்த தீங்கு விளைவதும் இதில்தான். இலங்கையில் 2023-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் நடைமுறையில் உள்ளது. வெளிநாட்டு அரசுகள், பன்னாட்டு அமைப்புகள், இலங்கைக்கு வெளியே பதிவு செய்யப்பட்ட நிறுவனங்கள், அடையாளத்தை வெளிப்படுத்தாத கொடையாளர்கள் ஆகியோரிடமிருந்து வேட்பாளர்களும் கட்சிகளும் நன்கொடை பெறுவதை அது தடை செய்கிறது. முடிவுகள் வெளியான 21 நாட்களுக்குள் செலவுக் கணக்கையும் ஒப்படைத்தாக வேண்டும். நம் ஊரில் நாலு பேர் சேர்ந்து திரட்டும் தொகை, யார் கொடுத்தது என்று சொல்ல முடியாத பணமாக வேட்பாளரின் கணக்கில் நுழைந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஆகவே வேட்பாளருக்கோ கட்சிக்கோ இங்கிருந்து ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வெளிநாட்டவர் நம் தேர்தலில் பணம் போடுவதை நம் நாட்டுச் சட்டமும் ஏற்பதில்லை. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, இங்கே வேட்பாளர்கள் வெளிநாட்டு நன்கொடை பெறக் கூடாது. நமக்கு நியாயமாகப் படும் தடை அவர்களுக்கும் நியாயமே.

இரண்டு குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். உறவினரின் பராமரிப்புக்கு என்று வங்கியில் எழுதிக் கொடுத்துப் பணம் அனுப்பி, அதைப் பிரச்சாரத்துக்குச் செலவிடச் சொல்வது முதலாவது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். ஏற்பாட்டின் கீழ் அனுப்பும்போது நோக்கத்தை உண்மையாகவே குறிப்பிட வேண்டும். பொய்யான காரணம் காட்டினால் சிக்கல் இரு கரைகளிலும் உண்டு. உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே இடைத்தரகர் மூலம், அனுப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டாவது, நல்ல மனத்தோடு செய்யப்படுவது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். வாக்களிக்க அவர்கள் மலைக்குத் திரும்பியாக வேண்டும். அவர்களுக்குப் பஸ் காசு கொடுத்தால் என்ன என்று எங்கள் குடியிருப்பிலும் ஒருமுறை பேச்சு எழுந்தது. வாக்காளரை வண்டி பிடித்து ஏற்றிச் செல்வதும், வாக்கையொட்டிப் பணமோ பொருளோ கொடுப்பதும் தேர்தல் குற்றமாகக் கருதப்படக்கூடியவை. அதற்குப் பதிலாக, வாக்களிக்கச் செல்வதற்குச் சம்பளத்துடன் விடுமுறை கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தலாம். முதலாளிக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்தை எழுத உதவலாம்.

பணம் இல்லாவிட்டாலும் விலைமதிப்புள்ள எதுவும் நன்கொடையாகிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. 2016-இல் அமெரிக்காவில் பெர்னி சாண்டர்ஸின் பிரச்சாரத்தில் ஆஸ்திரேலியத் தொழிற்கட்சியைச் சேர்ந்த இளைஞர்கள் வேலை செய்தார்கள். வெளிநாட்டவர் ஊதியமின்றித் தொண்டு செய்ய அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அவர்களுடைய விமானக் கட்டணத்தையும் படியையும் அந்தக் கட்சி ஏற்றுக்கொண்டதால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிட்டது. 2018-இல் சாண்டர்ஸ் பிரச்சாரக் குழு 14,500 டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. ஃபேஸ்புக்கில் இங்கிருந்து காசு கட்டி விளம்பரம் போடுவதும் இந்த வகையில் சேரும். அரசியல் விளம்பரம் கொடுப்பவர் அந்த நாட்டிலேயே வசிப்பவர் என்று உறுதிப்படுத்தச் சொல்லும் விதியைப் பல நாடுகளில் அந்நிறுவனமே வைத்திருக்கிறது.

அப்படியானால் எஞ்சுவது உழைப்பு. நீலகிரியிலிருந்து கொடுக்கக்கூடியவற்றில் மிகச் சிறந்தது ஆவணங்கள் தொடர்பான உதவி என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) பெயர் இருக்க வேண்டும். வாக்களிக்கப் போகும்போது அடையாள அட்டை இருக்க வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்த மூத்தவர்கள் பலரிடம் அந்தச் சான்றிதழ் இருந்ததில்லை. குடும்பம் பிரிந்தபோது பழைய காகிதங்கள் பெரும்பாலும் புறப்பட்டு வந்தவர்களின் தகரப் பெட்டியில் ஏறிவிட்டன. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி உண்டு. பாட்டியின் இலங்கைக் கடவுச்சீட்டு, மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, தோட்டத்து மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த ஒரு பிறப்புத் துண்டு ஆகியவை அதில் ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அந்தத் துண்டில் இருந்த பிறந்த தேதியும் பதிவு எண்ணும் அக்கரையில் இருக்கும் என் சின்னத்தாத்தாவுடையவை. அதைப் பிரித்து, நிழலில் காயவைத்து, இரு பக்கமும் படமெடுத்து அனுப்பினோம். கிராம அலுவலரிடம் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்வதற்கு அவர் மகனுக்கு ஓர் எண் கிடைத்தது. உங்கள் வீட்டிலும் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வேலையைத் தேர்தல் அறிவித்த பின் தொடங்கினால் பயனில்லை; இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படும்போதே செய்து முடிக்க வேண்டும். எந்தக் கட்சிக்கும் சாராத வேலை என்பதால் இதில் எவருக்கும் சட்டச் சிக்கலும் இல்லை.

மொழிபெயர்ப்பும் எழுத்து வேலையும் அடுத்தவை. கேட்டுக்கொண்டால் மட்டும், அவர்கள் எழுதியதைப் பிழைதிருத்தித் தரலாம். ஆங்கிலத்தில் உள்ள அரசாணையையோ சம்பள உடன்படிக்கையையோ எளிய தமிழில் எழுதித் தரலாம். நம் தமிழைத் திணிக்கக் கூடாது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதை அவர்கள் "பெரட்டு" என்றால் பெரட்டுதான். "பாராளுமன்றம்" என்றால் அதை "நாடாளுமன்றம்" என்று மாற்றக் கூடாது. தமிழ்நாட்டு நடையில் ஒரு துண்டறிக்கை அட்டனில் விநியோகிக்கப்பட்டால், அது எங்கிருந்து வந்தது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வாக்களிக்கும் முறையைக் கூட நம் பழக்கத்தில் விளக்கிவிடாதீர்கள். அங்கே பொத்தானை அழுத்துவதில்லை. வாக்குச்சீட்டில் குறியிட வேண்டும். பொதுத் தேர்தலில் கட்சிக்கு வாக்களித்த பின் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். இதில் ஒரு தவறான விளக்கம் பரவினாலும் வாக்குகள் செல்லாமல் போகும். ஆகையால் தேர்தல் ஆணைக்குழு வெளியிட்ட விளக்கத்தை மட்டுமே, ஒரு சொல்லும் மாற்றாமல் பகிருங்கள்.

நான் செய்த ஒரு பிழையை இங்கே சொல்வது கடமை. நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்ற போராட்டம் நடந்த காலத்தில், அத்தை ஒருவர் தன் சம்பளச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு எட்டாத நாட்களுக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டிருந்தது. பிடித்தங்கள் போகக் கையில் வந்தது மிகக் குறைவு. பார்த்தவர் எவரும் நெஞ்சு பதறுவார்கள் என்று நினைத்து, பெயரை மட்டும் மறைத்துவிட்டு அதை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தேன். கீழே அவருடைய சேமலாப நிதி (வருங்கால வைப்பு நிதி) எண் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நான்காம் நாள் தோட்ட அலுவலகத்தில் அத்தையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நீ நல்லதுக்குத்தான் போட்ட தம்பி, ஆனா நாளைக்குப் பெரட்டுக்கு நிக்கப் போறது நானு" என்று அவர் சொன்னதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதன் பிறகு நான் கடைப்பிடிப்பது இது: அங்கிருந்து வரும் எந்தப் படத்தையும் ஒலிப்பதிவையும், அதில் இருப்பவர் வெளியிடலாம் என்று தெளிவாகச் சொன்னாலொழிய, பகிர்வதில்லை. பகிர்ந்தாலும் பெயர், எண், தோட்டத்தின் முத்திரை, பின்னால் தெரியும் லயத்தின் இலக்கம் ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டு, ஒரு நாள் கழித்து மறுபடி பார்த்த பின்பே பகிர்வேன். சந்தேகமான செய்தி வந்தால் அங்குள்ளவரிடம் கேட்டு உறுதி செய்யும்வரை அது என் தொலைபேசியிலேயே இருக்கும். இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றே. கொழுந்து நிறுத்து முடித்து வீடு திரும்பி, சமைத்துச் சாப்பிடும் வரை பொறுத்து, இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டால் நிதானமாகப் பேசுவார்கள்.

நேரில் போகலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உறவினரைப் பார்க்கப் போகலாம். சுற்றுலா விசாவில் போய் மேடையேறவோ, துண்டறிக்கை கொடுக்கவோ, ஊர்வலத்தில் கொடி பிடிக்கவோ கூடாது. 2019 மக்களவைத் தேர்தலில் மேற்கு வங்கத்தில் ஒரு கட்சிக்காகப் பிரச்சாரம் செய்த வங்கதேச நடிகர் ஃபெர்தௌஸ் அகமதுவின் விசாவை இந்திய அரசு ரத்து செய்து, அவரை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. நமக்கும் அங்கே அதுவே நேரலாம். நம்மைவிட, நம்மை வீட்டில் தங்க வைத்த உறவினருக்குத்தான் அதனால் நீண்ட நாள் தொல்லை. தேர்தல் கண்காணிப்பும் நாமாகச் செய்யும் வேலை இல்லை. பஃப்ரல் போன்ற உள்நாட்டு அமைப்புகள் அதற்கென்றே இருக்கின்றன.

நமக்கு வாக்கு இருக்கும் இடத்தில் நம் குரலுக்கு முழு எடை உண்டு. மலையகத் தோட்டங்களில் 14,000 வீடுகள் கட்டுவதற்கு இந்திய அரசு பொறுப்பேற்றிருக்கிறது. அந்த வேலை எந்த அளவில் நிற்கிறது, வீட்டோடு காணி உறுதிப் பத்திரமும் கிடைக்கிறதா என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் எழுத்து மூலம் கேட்கலாம். அவையில் கேள்வியாக எழுப்பும்படி வேண்டலாம். இது முழுக்க நம் உரிமைக்கு உட்பட்டது. பத்துப் பேர் ஒரே வாசகத்தில் எழுதுவதைக் காட்டிலும், ஒவ்வொருவரும் தம் உறவினர் வாழும் தோட்டத்தின் நிலையை எழுதினால் மனுவுக்கு உயிர் இருக்கும்.

இலங்கைத் தேயிலையை வாங்காதீர்கள் என்ற அழைப்பை இங்கிருந்து எழுப்ப வேண்டாம் என்று குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். நாமும் தேயிலை விற்கும் மலையில் இருக்கிறோம். அந்த அழைப்பு ஒற்றுமைக் குரலாகக் கேட்காது, போட்டி வியாபாரியின் குரலாகவே கேட்கும். விற்பனை குறைந்தால் முதலில் வேலைநாள் குறையப்போவதும் அத்தைக்குத்தான். தென்னாப்பிரிக்கப் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் 1959-இல் லண்டனில் தொடங்கியபோது, அதற்கான அழைப்பு ஆல்பர்ட் லுத்துலி போன்ற அந்நாட்டுத் தலைவர்களிடமிருந்தே வந்தது. இழப்பைத் தாங்கப்போகிறவர்கள் கேட்டார்கள்; வெளியே இருந்தவர்கள் செய்தார்கள். தோட்டத் தொழிலாளர்களே ஒருநாள் அப்படிக் கேட்டால் அப்போது யோசிப்போம்.

வாக்களிப்புக்கு 48 மணி நேரத்துக்கு முன் அங்கே பிரச்சாரம் ஓய்கிறது. நாமும் அப்போதே நிறுத்திவிட வேண்டும். நம் குழுவில் அனுப்பும் ஒரு செய்தி சில நிமிடங்களில் அக்கரைத் தொலைபேசிகளுக்குப் போய்விடும். முடிவு வந்த பின் சில சிறு வேலைகள் மீதமிருக்கும். நாம் செய்த மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு ஆகியவற்றின் பட்டியலைத் தேதியோடு அவர்களுக்கு எழுதி அனுப்பிவிட வேண்டும். 21 நாளில் கணக்குக் கொடுக்கும்போது ஏதேனும் கேள்வி வந்தால் அவர்களிடம் விடை இருக்கும். உதவிக்காக நம்மிடம் வந்த பெயர்கள், எண்கள், அடையாள அட்டைப் படங்கள் எல்லாவற்றையும் தொலைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்ததையும் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய ஆவணங்களை மட்டும் பெட்டியில் நெகிழி உறைக்குள் இட்டு வையுங்கள். இடாப்புத் திருத்தம் அடுத்த ஆண்டும் வரும்.