புரொஜெக்டர் சூடாகி நின்றுபோனால்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு அதிகம் என்று எச்சரிக்கும் சிறு விளக்கு ஒளிர்ந்து புரொஜெக்டர் அணைந்தால், முதல் சந்தேகம் தூசி மேல்தான். அணைத்த பின் ஃபேன் தானாக நிற்கட்டும். பிளக்கைப் பிடுங்கி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். லேம்ப் (படத்துக்கு ஒளி தரும் பல்பு) பக்கம் அதற்கு முன் கை போகவே கூடாது.

காற்று ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கம்பளிபோல் படிந்திருந்தால் காற்று உள்ளே போக வழியில்லை. வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து உறிஞ்சுங்கள். கையேட்டில் கழுவலாம் என்று இருந்தால் மட்டும் தண்ணீர். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டவும்.

அதன் பிறகும் சூடு குறையவில்லையா? மறுபடி பிளக்கைப் பிடுங்கி ஆறவிட்டு, மூடியைத் திறந்து, ஃபேனுக்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) நடுவே பாருங்கள். அங்கேதான் தூசி திட்டாக அடைந்திருக்கும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. மென்மையான பிரஷால் எடுங்கள். காற்றடிப்பதானால் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும். லென்ஸ், கலர் வீல் (நிறம் தரும் சுழல் வட்டு) பக்கம் காற்றடிக்க வேண்டாம்.

இறக்கையை விரலால் தள்ளினால் தடங்கலின்றிச் சுற்ற வேண்டும். இறுகினாலோ கரகரத்தாலோ ஃபேனை மாற்றுங்கள்: அளவு, வோல்ட், ஆம்பியர், வயர் எண்ணிக்கை எல்லாம் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறியை மறந்து திருப்பி மாட்டுவோர் நிறையப் பேர்.

லேம்ப் மூடி சரியாக அமராவிட்டால் பாதுகாப்பு ஸ்விட்ச் அழுந்தாது, புரொஜெக்டர் உயிர் பெறாது. காற்றுத் துளைகளைச் சுற்றி 30 செ.மீ. இடம் விடுங்கள்.