வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் டிரிங்க்: உப்பை மட்டும் கண் திட்டத்துக்குப் போடாதீர்கள்

சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர்ப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட வேர்த்துக் கொட்டுகிறது. அந்தப் புழுக்கத்தில் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்க் கரையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும், இருட்டும்வரை கபடி ஆடுகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. அரை மணி நேரம் ஓடிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறவருக்குத் தண்ணீரே போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால்தான் இதற்கு வேலை.

ஒரு லிட்டருக்குச் சீனி 60 கிராம், உப்பு 1.2 கிராம், ஒரு எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். 1965இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் குழுவினர் கேட்டரேட் என்கிற ஸ்போர்ட்ஸ் டிரிங்கைக் கலக்கியபோதும் தண்ணீர், சர்க்கரை, உப்புகள்தான். குடிக்க முடியவில்லை என்றதும் எலுமிச்சை பிழியச் சொன்னது அவர் மனைவி.

படி 1: காய்ச்சி ஆறிய தண்ணீரில் சீனியைக் கரையுங்கள். சீனி வெறும் ருசிக்கில்லை. சிறுகுடலில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும்போது தண்ணீரும் கூடவே போகிறது. அதற்காக அள்ளிப் போடவும் கூடாது. லிட்டருக்கு 80 கிராமைத் தாண்டினால் இரைப்பையை விட்டு இறங்கத் தாமதமாகி, ஓடும்போது வயிறு குலுங்கும். கோலா வகைகளில் 100 கிராமுக்கு மேல் இருப்பதால் ஆட்ட நடுவில் அவற்றைத் தொடாதீர்கள்.

படி 2: உப்பு. தடுமாறுகிற இடம் இதுதான், நானும் இங்கேதான் தடுமாறினேன். ‘ஒரு சிட்டிகை’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். வேதாரண்யம் கல்லுப்பை ஸ்பூனில் அள்ளினால் நடுவில் இடைவெளி விழும், தூள் உப்பு கெட்டியாக நிற்கும். ஸ்பூன் ஒன்றுதான், எடை வேறு. சமையலறைத் தராசோ 1 கிராமுக்குக் கீழே காட்டாது. நகைத் தராசு வாங்கச் சொல்வார்கள், தண்டச் செலவு.

அதற்குப் பதில், 12 கிராம் உப்பை நிறுத்து ஒரு பால் புட்டியில் போட்டு, 100 மில்லிக் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். இருமல் மருந்தோடு வருகிற மூடியில் 5, 10 என்று கோடு இருக்குமே, அதைக் கழுவி எடுத்து, 10 மில்லி உப்புத் தண்ணீரை லிட்டரில் ஊற்றுங்கள். சரியாக 1.2 கிராம் உப்பு, அதாவது சுமார் 470 மில்லிகிராம் சோடியம். கல்லுப்பா தூளா என்ற கேள்வியே இல்லை. மீதியை ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

லேசாகக் கரிக்கும். கரிக்கிறதே என்று சீனியைக் கூட்டாதீர்கள்.

படி 3: எலுமிச்சையைப் பிழிந்து கலக்குங்கள். அன்றைக்கே குடித்துவிட வேண்டும், நம் வெயிலில் மறுநாள் புளித்துவிடும்.

படி 4: கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை 150, 200 மில்லி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பாக்கி. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். மணிக்கணக்காக ஓடிக்கொண்டே வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தாலும் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆபத்தாகலாம்.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

பின்சேர்க்கை: “பட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு இளநீரை விட்டுவிட்டீர்களே” என்று கேட்டிருந்தார்கள். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், வியர்வையில் அதிகம் போவதோ சோடியம். ஆட்டம் முடிந்த பிறகு, உப்புப் போட்ட சுண்டலோடு குடியுங்கள், அருமையாக இருக்கும். நாட்டுச் சர்க்கரை போடலாமா? போடலாம், அதே 60 கிராம், ஆனால் வடிகட்டுங்கள், அடியில் மண் தங்கும்.

இன்னொருவர் வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ்ஸுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு: லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், சோடியமோ இதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். மெடிக்கலில் பாக்கெட் வாங்கி, அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கரையுங்கள். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.