வெறுப்பரசியல் குழுக்களுக்குள் மறைந்திருந்து செய்தி சேகரிப்பவர் கவனிக்க வேண்டியவை

வெறுப்பை முதலாக வைத்து வளரும் அரசியல் குழு ஒன்றுக்குள் அடையாளத்தை மறைத்து நுழைய நினைக்கும் செய்தியாளர், எப்படி நுழைவது என்று யோசிப்பதற்கு முன்பு, நுழையத்தான் வேண்டுமா என்பதை ஆசிரியரோடு உட்கார்ந்து எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். மேடைப் பேச்சு, நீதிமன்ற ஆவணம், தேர்தல் செலவுக் கணக்கு, குழுவைவிட்டு வெளியேறியவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றிலேயே கிடைத்துவிடும் செய்திக்கு வேடம் தேவையில்லை. அமெரிக்கத் தொழில்முறைச் செய்தியாளர் சங்கமும் ஜெர்மன் பத்திரிகை மன்றமும் தத்தம் நெறிமுறைகளில் ஏறக்குறைய இதையே சொல்கின்றன: பொதுமக்களுக்கு முக்கியமான தகவல் வேறு வழியில் கிடைக்காதபோது மட்டுமே மறைந்து சேகரிக்கலாம். உள்ளே போனால் ஏதாவது சிக்கும் என்பது காரணமாகாது. வெளியே ஒன்றும் மூடிய அறையில் வேறொன்றும் பேசுகிறார்கள் என்பதற்கு முன்கூட்டியே ஓரளவு ஆதாரம் கையில் இருந்தால்தான் அது காரணம்.

வேடம் உங்கள் சொந்த வாழ்க்கைக்கு அருகிலேயே இருக்கட்டும். ஸ்வீடனைச் சேர்ந்த பாட்ரிக் ஹெர்மான்சன், பிரிட்டனின் இனவெறி எதிர்ப்பு அமைப்பான 'ஹோப் நாட் ஹேட்'டுக்காக ஏறத்தாழ ஓராண்டு வெள்ளை இனவாதக் குழுக்களுக்குள் இருந்தார். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவாதிகள் நடத்திய பேரணி வரை போனார். மாணவரான அவர் போட்ட வேடமும் மாணவர் வேடமே. வலதுசாரிகள் ஒடுக்கப்படுவதாகச் சொல்லி அதைப் பற்றி ஆய்வு எழுத வந்தவராகத் தம்மைக் காட்டிக்கொண்டார். இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள்: ஆய்வு மாணவர் கேள்வி கேட்டால் யாரும் ஏன் கேட்கிறாய் என்று கேட்பதில்லை. பொய் குறையக் குறைய நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதும் குறையும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஊகத்தில் எதையும் செய்யக் கூடாது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி உரையாடலில் பங்குபெறும் ஒருவரின் சம்மதம் இருந்தால் பதிவு செய்யலாம். ஆனால் கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அனைவரின் சம்மதமும் வேண்டும். ஜெர்மனியில் தனிப்பட்ட பேச்சை ரகசியமாக ஒலிப்பதிவு செய்வதே குற்றம். பதிவு மட்டுமல்ல, நுழைவுப் படிவத்தில் எழுதும் பொய்யும் வழக்காகலாம். பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றில் பொய்யான தன்விவரம் கொடுத்து வேலைக்குச் சேர்ந்து ரகசியமாகப் படம்பிடித்த அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியாளர்களின் வழக்கில், 1997இல் ஜூரி 55 லட்சம் டாலர் அபராத இழப்பீடு விதித்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இறுதியில் மிச்சம் வைத்தது வெறும் 2 டாலர். தொகை சுருங்கியது ஆறுதல்தான், ஆனால் இடையில் ஓடிய ஆண்டுகளையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் யாரும் திருப்பித் தரவில்லை.

உள்ளே போன பிறகு உங்கள் வேலை கேட்பது மட்டுமே. நாளைக்குத் துண்டறிக்கை விநியோகிக்கப் போகிறோம், வருகிறாயா என்று ஒருவர் கேட்பார். கூடப் போய்ப் பார்க்கலாம். ஆனால் அறிக்கையின் வாசகத்தை நீங்கள் திருத்திக் கொடுத்தால், அதன் பிறகு அதிலுள்ள வெறுப்பில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும். பொறுப்புப் பதவி தந்தால் வேலைப்பளுவைச் சொல்லித் தட்டிக் கழிக்க வேண்டும். தூண்டிவிடும் கேள்வியைக் கேட்கவே கூடாது. "அவர்களை என்ன செய்யலாம் என்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டு ஒருவர் வன்முறையாகப் பதில் சொன்னால், அந்தப் பதிலின் பாதி மதிப்பு அப்போதே போய்விட்டது. ஒருவரின் உயிருக்கு ஆபத்து என்று தெரியவந்தால் யாரிடம் எப்படிச் சொல்வது என்பதை முதல் நாளுக்கு முன்பே ஆசிரியரோடு பேசி முடித்திருக்க வேண்டும்; அந்த நேரத்தில் செய்தியைக் காப்பாற்றுவதைப் பற்றி யோசிக்க இடமே இல்லை.

இந்தத் தொழிலில் துணிச்சலைவிட அரிதானது ஒழுங்கான குறிப்பேடு என்பது என் கருத்து. 1940களில் அமெரிக்க வெள்ளை இனவாத ரகசிய அமைப்பான கூ கிளக்ஸ் கிளானுக்குள் ஊடுருவியதாகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஸ்டெட்சன் கென்னடி, அதைத் தம் சொந்த அனுபவமாக 1950களில் புத்தகமாக எழுதினார். அதில் இருந்தவற்றில் கணிசமான பகுதி வேறொரு உளவாளி கொண்டுவந்து கொடுத்தது என்பது 2006இல் பரவலாக வெளியே பேசப்பட்டது. இருவரின் தகவல்களையும் ஒன்றாகக் கலந்ததை அவரும் ஒப்புக்கொண்டார். கிளானுக்கு எதிராக அவர் செய்த வேலை உண்மையானது. ஆனாலும் அந்தக் கலப்பு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே அன்றன்றைய குறிப்பை அன்றிரவே, தூங்குவதற்கு முன்பு எழுதிவிடுங்கள். "கூட்டத்தில் எல்லோரும் ஆவேசமாக இருந்தார்கள்" என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து அது எதற்கும் உதவாது. "மாலை 7.40. பின்னறை. 11 பேர். கறுப்புச் சட்டைக்காரர் பட்டியலை வாசித்தார். நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன், நேராகக் கேட்டேன். பட்டியலில் முகவரிகளும் உண்டு என்பதை வெளியே வந்த பிறகு இன்னொருவர் சொன்னார், நான் பார்க்கவில்லை" என்று எழுதினால் அது நிற்கும். கண்டது, கேட்டது, பிறர் சொன்னது, நீங்கள் ஊகித்தது ஆகிய நான்கும் ஒரே வாக்கியத்துக்குள் கலக்கவே கூடாது. குறிப்பின் பிரதி உடனுக்குடன் ஆசிரியரிடம் போய்விட வேண்டும். உங்கள் கைப்பேசியில் எதுவும் தங்கக் கூடாது.

பதிவு வலுவாக இருப்பதால் தண்டனை உறுதி என்றும் எண்ண வேண்டாம். பிபிசி செய்தியாளர் ஒருவர் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் நேஷனல் பார்ட்டிக்குள் இருந்து எடுத்த காட்சிகள் 2004இல் ஒளிபரப்பாகின. கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் மீது இனவெறுப்பைத் தூண்டியதாக வழக்குத் தொடரப்பட்டது; 2006இல் ஜூரி அவரை விடுவித்தது. ஒளிபரப்பியதில் தவறில்லை. அங்கே என்ன பேசப்பட்டது என்பதை மக்கள் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அது குற்றமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி.

மாதக்கணக்கில் ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அவர் மீது பிரியம் வரும். வராதது போல நடிப்பதைவிட, வாரம் ஒருமுறை வெளியே இருக்கும் ஒருவரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது. வெளியேறும் தேதியை நுழையும்போதே குறித்து வையுங்கள், நீட்டிப்பதென்றால் ஆசிரியரும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். பிடிபட்டுக் கிளம்புவதைவிட வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று சொல்லி ஓசையில்லாமல் விலகுவதே பாதுகாப்பு. பதிவில் விழுந்த அனைவரையும் காட்ட வேண்டியதில்லை: தலைவர்களின் முகம் தெரியலாம், யாரோ அழைத்து வந்த பதினாறு வயதுப் பையனின் முகம் தெரியக் கூடாது. குற்றச்சாட்டுக்கு உள்ளாகிறவர்களிடம் வெளியிடுவதற்கு முன்பு பதில் கேட்டாக வேண்டும். அந்தக் கடிதம் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் நாளில் நீங்கள் அவர்களுக்குத் தெரிந்த வீட்டில் இருக்கக் கூடாது.