ஓபிஎஸ்ஸில் வெப்கேம் கறுப்பாகத் தெரிகிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

அக்கா வீட்டிலிருந்தே வீணை வகுப்பை யூட்யூபில் லைவாக நடத்தத் தொடங்கியபோது, கேமரா படத்தை லைவாக அனுப்பவும் பதிவு செய்யவும் உதவும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தது நான்தான். முதல் நாளே கேமரா இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம். ஓபிஎஸ்ஸை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன், டிரைவர் தேடினேன், முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் அக்கா மகன் வந்து எட்டிப் பார்த்தான். "மாமா, இது மூடியிருக்கு" என்று லேப்டாப் கேமராவின் மேலிருந்த குட்டி மூடியை நகத்தால் தள்ளிவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து ஒரே வரிசைதான்: முதலில் கேமரா, பிறகு விண்டோஸ், அதற்கப்புறம்தான் ஓபிஎஸ்.

1. ஓபிஎஸ்ஸை மூடிவிட்டு ஆரம்பியுங்கள்

விண்டோஸோடு வரும் கேமரா ஆப்பைத் திறங்கள். அதிலும் முகம் தெரியவில்லை என்றால் ஓபிஎஸ்மேல் தப்பில்லை. மூடியைப் பாருங்கள். சில லேப்டாப்களில் கீபோர்டின் மேல் வரிசையில் கேமரா படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். கை தெரியாமல் பட்டாலே கேமரா அணைந்துவிடும்.

அடுத்து அனுமதி. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கேமரா என்று போங்கள். பலரும் அங்கே ஓபிஎஸ்ஸுக்குத் தனி சுவிட்ச் தேடி ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப் ஆப்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து, பக்கத்தின் கீழ்ப்பகுதியில் ஒரே சுவிட்ச்தான். அது ஆனில் இருக்க வேண்டும். மேக் வைத்திருந்தால் இதே இடத்தில் ஓபிஎஸ் பெயரே இருக்கும்.

படம் வந்துவிட்டதா? கேமரா ஆப்பை மறக்காமல் மூடுங்கள். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

2. கேமராவை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

விண்டோஸில் பொதுவாக ஒரு கேமராவை ஒரு நேரத்தில் ஒரு ஆப்தான் பயன்படுத்த முடியும். காலையில் பேசிய ஜூம், மூட மறந்த கூகுள் மீட் டேப், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் டீம்ஸ், இவற்றில் ஏதாவது ஒன்று பிடித்து வைத்திருந்தால் ஓபிஎஸ்ஸுக்குக் கிடைப்பது கறுப்புதான். ஓபிஎஸ்ஸைத் திறக்கும் முன்பே கேமராவின் சிறு விளக்கு எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

3. இப்போது ஓபிஎஸ்ஸில் சேருங்கள்

சோர்சஸ் (படத்தில் வர வேண்டியவற்றின் பட்டியல்) பகுதியில் பிளஸ் குறி, அதில் வீடியோ கேப்சர் டிவைஸ். டிவைஸ் பட்டியலில் உங்கள் கேமராவின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலில் ஓபிஎஸ் வர்ச்சுவல் கேமரா என்றும் ஒன்று இருக்கும். அது ஓபிஎஸ்ஸின் படத்தை வெளியே அனுப்புவதற்கானது, அதைத் தொடாதீர்கள்.

கேமரா ஓடியும் திரையில் காணோமா? சோர்சஸ் பட்டியலில் மேலே இருப்பதுதான் முன்னால் தெரியும். கம்ப்யூட்டர் திரை முழுவதையும் காட்டும் டிஸ்ப்ளே கேப்சர் மேலே உட்கார்ந்திருந்தால் உங்கள் முகம் அதன் பின்னால்தான். பிடித்து மேலே இழுங்கள்.

இரண்டாவது சீனிலும் (சோர்சஸை வேறு விதமாக அடுக்கிய இன்னொரு காட்சி) அதே கேமரா வேண்டுமென்றால் புதிதாக ஒன்றை உருவாக்காதீர்கள். ஆட் எக்ஸிஸ்டிங் என்பதில் ஏற்கெனவே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஓபிஎஸ்ஸே ஓபிஎஸ்ஸோடு கேமராவுக்குச் சண்டை போடும்.

4. படம் வருகிறது, ஆனால் திக்கித் திக்கி

கேமரா வந்த பெட்டியில் 1080பி என்று போட்டிருக்கும், படமோ நொடிக்கு ஐந்து ஃபிரேம்போல நகரும். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒய்யூஒய்2 என்ற ஃபார்மட் படத்தைச் சுருக்காமல் அனுப்புகிறது, ஒரு பிக்சலுக்கு 2 பைட். 1920 x 1080 x 2 x 30 என்று பெருக்கினால் நொடிக்குச் சுமார் 124 மெகாபைட், அதாவது ஏறக்குறைய 1000 மெகாபிட். யூஎஸ்பி 2.0 தாங்குவதோ, ஏட்டளவிலேயே 480 மெகாபிட். சந்துக்குள் லாரி போகுமா?

கேமரா சோர்சை டபுள் கிளிக் செய்யுங்கள். ரெசல்யூஷன் டைப்பை கஸ்டம் ஆக்கி, 1920x1080, 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு 30 ஃபிரேம்), வீடியோ ஃபார்மட்டில் எம்ஜேபெக் கொடுங்கள். எம்ஜேபெக் ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்புவதால் அதே வயரில் தாராளமாகப் போகும். கேமராவை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பிலேயே செருகுங்கள். முகம் திரையின் ஓரத்தில் சின்னக் கட்டமாகத்தான் வரப்போகிறது என்றால், என்னைக் கேட்டால் 720பி போதும்.

இதற்கப்புறமும் திக்கினால் அறை இருட்டாக இருக்கலாம். வெளிச்சம் போதாதபோது கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், 30 ஃபிரேம் 15 ஆகிவிடும். முகத்துக்கு எதிரே ஒரு விளக்கு போடுங்கள். புதுக் கேமரா வாங்குவதைவிட மலிவு.

5. பட்டை பட்டையாக மினுக்குகிறதா?

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல கேமராக்கள் 60 ஹெர்ட்ஸில் வைத்து வருகின்றன, டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை ஓடும். கேமரா சோர்சை டபுள் கிளிக் செய்தால் வரும் கான்ஃபிகர் வீடியோ பட்டனை அழுத்தி, பவர்லைன் ஃப்ரீக்வென்சியை 50 ஆக்குங்கள்.

6. உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

கேமரா படம் மைக்கைவிடத் தாமதமாகத்தான் வரும். லைவ் போகாமல் ஸ்டார்ட் ரெக்கார்டிங் கொடுத்து, கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். பதிவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, சத்தம் எத்தனை ஃபிரேம் முந்துகிறது என்று எண்ணுங்கள். 30 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேம் சுமார் 33 மில்லிசெகண்ட். அக்காவுக்கு நான்கு ஃபிரேம் வந்தது. ஆடியோ மிக்சரில் அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, மைக்கின் சிங்க் ஆஃப்செட்டில் 130 போட்டேன். மறுபடி தட்டிப் பார்த்தோம். தந்தியில் விரல் பட்ட கணத்திலேயே நாதமும் வந்தது.